மாதம் பத்து சதவீதம்: பணத்தைத் தொலைக்க எளிய வழிகள்

பணத்தைப் பெருக்கச் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தொலைக்க விரும்புகிறவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டார வாசகர்களுக்காவது அந்தக் குறை தீரட்டும்.

1. தெரிந்தவர் மூலமே சேருங்கள்

முன்பின் தெரியாதவனிடம் ஏமாறுவதில் என்ன பெருமை? சிதம்பரம் தெற்கு வீதி டீக்கடையில் உங்கள் மச்சினரின் கூட்டாளி காத்திருப்பார். “ஃபாரெக்ஸ்ணே. டாலரு ஏறுனாலும் லாபம், எறங்குனாலும் லாபம். நேத்து கிரெடிட் ஆனத பாருங்க” என்று போனைத் திருப்பிக் காட்டுவார். திரையில் 10,000 ரூபாய் வந்ததாக ஒரு எஸ்எம்எஸ். போன மாதம் அவர் கட்டிய லட்சத்திலிருந்தே பத்தாயிரத்தை எடுத்து அவருக்கே கொடுத்திருப்பார்களோ என்று யோசிக்காதீர்கள். டீ ஆறிவிடும்.

2. கணக்குப் போடாதீர்கள்

மாதம் 10 சதவீதம் கூட்டுவட்டியில் 1 லட்சம் ஒரே ஆண்டில் 3 லட்சத்து 13 ஆயிரமாகும். ஐந்தாண்டில் 3 கோடியைத் தாண்டும். இப்படியொரு வித்தை கைவசம் உள்ளவர், பண்ருட்டி முந்திரி வியாபாரியிடம் வந்து 2 லட்சத்துக்கு ஏன் தலையைச் சொறிகிறார் என்ற சந்தேகம் கால்குலேட்டரைத் தொட்டவர்களுக்குத்தான் வரும்.

3. பணம் எங்கே போகிறது என்று கேட்காதீர்கள்

அது சிதம்பர ரகசியம். என்ன, கோயிலில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலையாவது தொங்கும். இங்கே ஒரு வாட்ஸ்அப் குரூப்தான் தொங்கும்.

4. ரொக்கமாகக் கொடுங்கள்

வங்கி வழியே அனுப்பினால் தடயம் நின்றுவிடும். பிற்பாடு போலீசாருக்கு வேலை சுலபமாகிவிடும். ரசீது கேட்பதும் கூடாது. மச்சினர் கோபித்துக்கொள்வார்.

5. வட்டி நின்றதும் பொறுமை காக்கவும்

ஆன்லைனில் போன பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழி உண்டு. ஆகவே அழைக்காதீர்கள். “சர்வர் மாத்துறாங்கண்ணே” என்பதை ஒரு மாதமும், “போலீசுக்குப் போனா எல்லாத்தயும் முடக்கிருவாங்க, ஒருத்தருக்கும் பைசா வராது” என்பதை மேலும் இரண்டு மாதமும் நம்புங்கள். அதற்குள் ஆபீசில் பெயர்ப்பலகையும் இருக்காது. ஆற்றாமையில் ஏஜெண்டை 420 என்று திட்டவும் முடியாது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கு எண் 318.

6. தீர்ப்புக்குக் காத்திருங்கள்

தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கையை விரித்தபோது, 1997-இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பத்தாண்டு வரை சிறை உண்டு. கம்பெனியின் சொத்தை முடக்கி, நீதிமன்ற அனுமதியோடு ஏலம் விட்டு, வந்ததை முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பிரித்துத் தரலாம். சொத்து என்று ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கான தனி நீதிமன்றங்கள் சென்னை, கோவை, மதுரையில் உள்ளன. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சாட்சி சொல்லப் பஸ் ஏற வேண்டும்.

மாதிரிக்கு, திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கு. அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி 2008-09-இல் திரட்டியது சுமார் 930 கோடி. சி.பி.ஐ. விசாரித்து, கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறை, அபராதம் 171.74 கோடி. பணம் கட்டிய ஆண்டு எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வந்த ஆண்டு கல்லூரி வாசலில் நின்றிருக்கும். தீர்ப்பைக் கேட்டு மனம் ஆறலாம். ஆனால் 27 ஆண்டுச் சிறையைக் கொண்டுபோய் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது.

எச்சரிக்கை

செபி பதிவு எண்ணைக் கேட்டு, அதை செபி இணையதளத்தில் சரிபார்ப்பது. அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளங்களைப் பற்றி ரிசர்வ் வங்கி வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்ப்பது. வட்டி நின்ற வாரமே பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுப்பது. இந்த மூன்று கெட்ட பழக்கங்களும் உள்ளவர்களிடம் இக்கையேடு பலிக்காது. அவர்கள் இதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். அங்கே ஏஜெண்ட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது.