அசல் டூப்ளிகேட்

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒன்று கைக்கு வந்தால் எங்கள் மாஸ்டர் முதலில் செய்கிற காரியம், அதன் பெயரை அழிப்பதுதான். இப்போது அதே பெயரைத் தேடி பெங்களூரிலிருந்து பூதக்கண்ணாடியோடு ஆள் வருகிறார். வந்து தங்குவதற்கு வாடகையும் கொடுக்கிறார்.

சாமான் என்றது பிக் மஃப். கிட்டார்காரன் காலடியில் கிடக்கும் தகரப் பெட்டி. ஒழுங்காக வருகிற ஒலியைக் கரகரப்பாக்கி, இழுத்து நீட்டி அனுப்பும். இந்தக் கரகரப்பின் பூர்வீகமே ஒரு பழுது. 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்று நாஷ்வில்லில் பதிவானபோது மிக்சரில் ஒரு சேனல் கெட்டுப்போய் கிட்டார் உறுமியிருக்கிறது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அந்த உறுமலை வேண்டியபோது வரவழைக்க ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியே செய்துவிட்டார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று கடைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் வாசித்ததும் பழுதுக்கு உலகமெங்கும் கிராக்கி. மைக் மேத்யூஸ் 1968-ல் நியூயார்க்கில் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனி, நாலு டிரான்சிஸ்டர் வைத்து அதைப் பெரிதாக்கிய பெட்டிதான் பிக் மஃப். எங்களுக்கு அது மாஸ்டரின் மைத்துனர் வழியாகக் கிடைத்தது. அவருக்குக் கப்பலில் வேலை.

மாஸ்டர் தர்மபுரியில் மெல்லிசைக் குழு நடத்தியவர். நான் வத்தல்மலைக்காரன். கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனேன். படிப்பு நழுவிவிட்டது, கிட்டார் கையில் தங்கிவிட்டது.

“சேலம் குழுக்காரன் பேரைப் படிச்சான்னா நாளைக்கே பர்மா பஜார்ல போய் நிப்பான்டா தம்பி” என்று சொல்லி, புல்லட் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுத்து கரும்பச்சை பூசிவிட்டார். அதன்மேல் மஞ்சளில் குழுவின் பெயர். ஒரு திருகு குமிழ் உடைந்தது. பழைய மர்ஃபி ரேடியோவின் குமிழ் வந்து உட்கார்ந்தது. இரண்டு டிரான்சிஸ்டர் போயிற்று. ரேடியோ மெக்கானிக் அண்ணன் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் பிசி 148 இரண்டைப் பற்றவைத்தார். ஒரு கண்டென்சர் கெல்ட்ரான். சத்தம் வந்ததா, வந்தது. அத்தோடு விசாரணை முடிந்தது.

மலையில் கச்சேரி என்றால் வேன் கொமத்தம்பட்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். அப்போது மேலே ரோடு கிடையாது. ஸ்பீக்கர் பெட்டிகள் ஆட்களின் தலையில், டிரம்ஸ் கழுதை மேல், ஜெனரேட்டர் மூங்கிலில் கட்டி நாலு பேர் தோளில். பிக் மஃபை மட்டும் துண்டில் சுருட்டி நானே எடுத்துவருவேன். இத்தனை பாடுபட்டு மேலே ஏறி வாசித்தால், என் பெரியப்பா மேடைக்குப் பக்கத்தில் வந்து, “ஏன்டா, ஒயரு கியரு அறுந்துபோச்சா?” என்று கேட்பார். மைக்கில் எக்கோ வைத்தால் மட்டும் ஊரே வாய்பிளக்கும். பழுதான ஒலிக்குக் காசு கொடுக்கும் பழக்கம் எங்கள் மலைக்கு அப்போது வந்து சேரவில்லை.

இப்போது வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகள் இருபத்து நான்கையும் ரசித்தபடி சனிக்கிழமை தோறும் பைக்குகள் ஏறுகின்றன. என் மகன் சில்வர் ஓக் மரங்களுக்கும் காப்பிச் செடிகளுக்கும் நடுவே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறான். அப்படித் தங்க வந்த பையன்தான், பரணிலிருந்து மகன் இறக்கிக் காட்டிய பச்சைப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் காப்பியை ஆறவிட்டான்.

“அங்கிள், திறக்கலாமா?”

திறந்தான். எனக்குத் தெரியாத என் பெட்டியை எனக்கே வாசித்துக் காட்டினான். உள்ளே மூன்று வால்யூம் கண்ட்ரோல்கள். முதுகில் பொடி எழுத்தில் 1377819. முதல் மூன்று எண் செய்த கம்பெனி: 137 என்றால் அமெரிக்காவின் சி.டி.எஸ். அடுத்த இரண்டு வருஷம், கடைசி இரண்டு வாரம். ஆக, 1978-ன் பத்தொன்பதாவது வாரம், மே மாதம். ஆனால் அது கண்ட்ரோலின் பிறந்த நாள்தானாம், பெட்டியின் பிறந்த நாள் இல்லை. கம்பெனிகள் உதிரிகளை மொத்தமாக வாங்கிக் குவித்து நிதானமாகத் தீர்க்கும். எனவே பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்லலாம். அதையும், ஈயப் பற்றுகள் கை படாமல் இருந்தால்தான் நம்பலாம். எங்கள் மெக்கானிக் அண்ணனின் கை படாத இடம் அதில் எது?

பையன் பெருமூச்சு விட்டான். பெயின்ட் போனதால் பாதி மதிப்பு போயிற்று. குமிழ், டிரான்சிஸ்டர், கண்டென்சர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தான். அடகுக்கடை சேட்டுகூட இவ்வளவு வருத்தத்தோடு கழிக்க மாட்டார். உழைத்த பெட்டியை உழைக்கவைத்த ஒவ்வொரு ரிப்பேரும் குற்றப்பத்திரிகையில் ஏறியது. வாங்கி வந்த நாளிலேயே அட்டைப் பெட்டிக்குள் பூட்டி, ஒரு பாட்டுக்குக்கூட வாசிக்காமல் வைத்திருந்தால் நான் இன்று மரியாதைக்குரியவன்.

அப்போதுதான் மகன் இன்னொன்றையும் கொண்டுவந்தான். பிஸ்கட் டின்.

அது மெக்கானிக் அண்ணனின் சொந்தத் தயாரிப்பு. பிக் மஃப் படுத்துக்கொண்டால் மாற்று வேண்டுமே என்று, ஏதோ இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தைப் பார்த்து, ஏசி 128 என்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டை வைத்துச் செய்தது. குழுவில் அதற்குப் பெயர் டூப்ளிகேட். சித்திரை வெயிலில் தர்மபுரி மேடையில் போட்டால் தொண்டை கட்டியதுபோல் முனகும். அதே பெட்டி மார்கழி ராத்திரியில் வத்தல்மலையில் பிளிறும். மலையின் மகிமை என்று நான் நினைத்திருந்தேன். ஜெர்மேனியம் சூடானால் மின்சாரம் கசியும், குளிர்ந்தால் அடங்கும், லண்டனில் 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெட்டிக்கும் இதே குணம்தான் என்று பையன் விளக்கினான். மைக் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைப் பார்த்து வட்டமாக வார்த்த பெட்டியாம் அது, ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது. எங்களுடையது சதுர டின், மிதித்தது நான்.

இதில் பெயின்ட் இல்லை, எண் இல்லை. எதை வைத்து வருஷம் சொல்வது? மூடியைத் திருப்பினான். கம்பி தகரத்தில் பட்டுவிடக் கூடாது என்று அண்ணன் உள்ளே தினத்தந்தித் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். தேதி கிழிந்திருந்தது. விளம்பரம் மிச்சமிருந்தது: ‘மூன்றாம் பிறை’, 50-வது நாள். படம் வந்தது 1982 பிப்ரவரி 19. விரலை மடக்கி எண்ணினேன்: ஏப்ரல் 9. சகலகலா வல்லவன் அந்த ஆகஸ்டில்தான் வந்தது. அதன் புத்தாண்டுப் பாட்டை டூப்ளிகேட்டில்தான் வாசித்தேன். கணக்கு ஒத்துப்போயிற்று.

பையனுக்குக் கை நடுங்கியது. ஒரு ஈயப் பற்றுகூட மாறவில்லை, எல்லாம் ஒரே கை வேலை என்றான். துடைத்துத் தருகிறேன் என்று புளியோடு வந்த என் மனைவியை, “ஆன்ட்டி, ப்ளீஸ், தொடாதீங்க” என்று தடுத்தான். பிக் மஃபைப் போல நாலு மடங்கு விலை சொன்னான். மகன் அதற்கு மேல் ஒன்று சொல்லி, காலைச் சிற்றுண்டியையும் சேர்த்துக்கொண்டான்.

கிளம்பும்போது பையன் ஒரு காகிதம் கேட்டான். வாங்குகிறவர்கள் நம்ப வேண்டும், பெட்டி அசல்தான் என்று பழைய கலைஞர் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினேன்: ‘இது தர்மபுரியில் 1982-ல் செய்யப்பட்ட டூப்ளிகேட்தான் என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்.’ கீழே கையெழுத்து. படித்துப் பார்த்துவிட்டு, தேதியும் போடச் சொன்னான்.