கடைக்குக் கொடுக்காதவர்

எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலை ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றால், பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் “என்ன சார் ஆச்சு?” என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். வீட்டில் இட்லி ஆறிப்போனது.

ஐந்நூறு ரூபாய்க் கூலியை மிச்சம் பிடிக்க மூவாயிரம் ரூபாய்க்குக் கருவிகள் வாங்கும் ரகம் அவர். ஒயருக்கு மேலுறையான கேபிள் அவுட்டரை நறுக்கும் கட்டர் ஒன்றைத்தான் வாங்கவில்லை. “வீட்ல கட்டிங் பிளேயர் இருக்கே சார்!” சிக்கனம் என்று ஒன்று வேண்டாமா?

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை உப்புக்காற்றில் ஓடி ஓடி கியர் ஒயர் துருப்பிடித்துவிட்டது. புது ஒயர், புது அவுட்டர் எல்லாம் தானே வாங்கி, தானே மாட்டினார். மறுநாள் முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது செயின் மூன்றாவது பல்சக்கரத்திலும் இல்லாமல் நாலாவதிலும் இல்லாமல், மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் மாட்டிய மாப்பிள்ளை மாதிரி ‘கடகட’வென்று புலம்பியது.

அன்று தொடங்கியது விசாரணை. முதலில் சிக்கியவை, செயினைச் சக்கரம் மாற்றும் டிரெய்லரில் எச், எல் என்று எழுதியிருக்கும் இரண்டு திருகுகள். செயின் சின்னச் சக்கரத்தைத் தாண்டிக் கீழே விழாமலும், பெரிய சக்கரத்தைத் தாண்டிக் கம்பிக்குள் போகாமலும் காவல் காப்பது மட்டுமே அவற்றின் வேலை. நடு கியருக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அண்ணன் தம்பி வரப்புத் தகராறுக்கு ஊர் எல்லைக் கல்லை நகர்த்துவதுபோல, இரண்டையும் ஒரு மணி நேரம் திருகினார்.

அடுத்து, ஒயரின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர். இதில் ஒரு நியாயம் இருந்தது. புது கேபிள் போட்டால் அவுட்டரின் முனைகள் மூடிக்குள் சரியாக உட்கார நாலைந்து ஓட்டம் பிடிக்கும். அதற்குள் ஒயர் லேசாகத் தொய்யும். அட்ஜஸ்டரை இடப்பக்கம் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இவர் ஏழு சுற்று சுற்றினார். அட்ஜஸ்டர் கையோடு வந்துவிட்டது.

மறுபடி மாட்டிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். “1984-ல ஷிமானோ கம்பெனியோட டியூரா-ஏஸ்ல கிளிக் கியர் வந்துச்சு சார். அதுக்கு முன்னாடி பந்தயத்துல ஓட்டுறவன் செயின் சத்தத்தைக் காதால கேட்டுத்தான் கியர் போடுவான். இப்ப கணக்குதான். என்னோட எட்டு கியர்ல ஒரு கிளிக்குக்கு ஒயர் 2.8 மில்லிமீட்டர் நகரும். டிரெய்லர் அதைப்போல 1.7 மடங்கு நகரும். பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 4.8 வருதா? ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல அவ்வளவுதான் இடைவெளி!”

கணக்கு அத்தனையும் சரி. கியர்தான் விழவில்லை.

பிறகு டிரெய்லர் தொங்கும் காது வளைந்திருக்கும் என்றார். பல்சக்கரம் தேய்ந்திருக்கும் என்றார். தலைகீழாக நிற்கும்போது ஒழுங்காக விழும் கியர், சாலையில் ஹேண்டிலைத் திருப்பினால் தானாகவே மாறுகிறதே என்று கேட்டேன். “ரோடு சரியில்ல சார்.” சைக்கிளில் அவர் சந்தேகப்படாத பொருளே இல்லை, தான் மாட்டியதைத் தவிர.

புதன்கிழமை காற்றடிக்கப் போனபோது தெருமுனைக் கடையில் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். பக்கத்தில் காய்ப்பையோடு அவர் மனைவி.

கடைக்காரர் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவுட்டரின் முனையை உருவிப் பார்த்தார். “அம்மா, இது பிரேக் அவுட்டர். உள்ள ஸ்பிரிங் மாதிரி சுருட்டியிருக்கு பாருங்க. ஒயர் இழுத்தா இது அமுங்கும், வளைச்சா ஒயரோட விறைப்பு மாறும். கியர் அவுட்டர்ல கம்பி நீளவாக்குல ஓடும், அமுங்காது. முனையை வேற பிளேயர்ல கடிச்சு நசுக்கி வெச்சிருக்கு. நல்லவேளை, கியர் அவுட்டரைக் கொண்டுபோய் பிரேக்குக்குப் போடல. இறுக்கிப் பிடிச்சா கிழிஞ்சிரும்.”

“ரெண்டுமே கறுப்பாத்தானே தம்பி இருக்கு?”

“கறுப்புதாம்மா.”

“அப்ப சரி. மாத்திடுங்க. அவர் ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள வேணும்.” பிறகு என்னைப் பார்த்தார். நான் காற்றடிப்பதில் மும்முரமானேன்.

ஞாயிறு காலை சைக்கிள் மறுபடியும் தலைகீழாக நின்றது. அட்ஜஸ்டரை ஒரே ஒரு கால் சுற்று திருப்பினார். பெடலைச் சுழற்றி ஒவ்வொரு கிளிக்காகப் போட்டார். எட்டும் வெண்ணெய்போல விழுந்தன. நிமிர்த்திப் போட்டு இரண்டு வட்டம் ஓட்டியும் வந்தார்.

“பாத்தீங்களா சார்? கால் சுற்று! இதுக்குப்போய் கடைக்காரன் ஐந்நூறு ரூபா கேப்பான்.”

இரண்டாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கொடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரமாதம் சார்” என்றேன்.

“உங்க கேபிளும் பழசாத்தான் தெரியுது. சைக்கிளை எறக்கிட்டு வாங்க, ஒரு மணி நேர வேலை” என்றபடி கட்டிங் பிளேயரைத் துடைத்தார்.