கலஹா வீதியின் பல் கூச்சவியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பல் கூச்சம் வேறு, பல் வலி வேறு. வலிக்கு லீவு கேட்கலாம். கூச்சத்துக்குக் கேட்டால் துரை சிரிப்பார். கன்னம் வீங்காது, காய்ச்சல் அடிக்காது, முகம் மட்டும் ஒரு கணம் கோணி நேராகும். அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளாததற்கு அதுவே காரணம். கண்டியில் பல் என்றதும் வரலாற்றாசிரியர்கள் தலதா மாளிகைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அது வணக்கத்துக்குரியது, இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் எடுத்துக்கொள்வது கலஹா கடைத்தெருவில் அம்பரலங்காய் அச்சாறு கடிக்கும் சாமானியப் பற்களை.

ஆய்வுக்களம் தற்செயலாக அமைந்ததன்று. மேலே தெல்தோட்டைப் பக்கம், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர. கீழே, கலஹா வீதி ஹிந்தகலையைக் கடந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து போகிறது. பல் மருத்துவ பீடம் அந்தப் பல்கலைக்கழகத்துடையது. ஆக, கூச்சம் மேலே, நிபுணர்கள் கீழே, நடுவில் ஒரே பஸ் ரூட். ஆனாலும் பல் கூசுகிறது என்பதற்காக மட்டும் பஸ் ஏறியவர் உண்டா? சொத்தை முற்றி இரவுத் தூக்கம் போனால்தான் ஏறுவார்கள்.

இனி இரசாயனம். தென்னம்பாளைச் சாறு முதலில் புளித்து மதுவாகிறது. பிறகு பக்றீரியாக்கள் காற்றின் துணையோடு அந்த மதுவை அசற்றிக் அமிலமாக்க, வினாகிரி பிறக்கிறது. இருமுறை புளித்த அதில், பிறவியிலேயே புளிப்பான அம்பரலங்காயையோ வெரலிக்காயையோ ஊறவைத்து, மிளகாய்த் தூளும் உப்பும் சீனியும் தூவித் தருகிறார்கள். வாயின் பீஎச் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும்; வினாகிரியோ 3க்குப் பக்கத்தில் நிற்கிறது. எனாமல் தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் டென்டினின் நுண்குழாய்கள் திறந்துகொள்ள, அவற்றிலுள்ள திரவம் குளிருக்கும் புளிப்புக்கும் நகர்ந்து நரம்பைச் சீண்டுகிறது. சுவீடன் நாட்டுப் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் நிறுவிய இக்கொள்கையைக் கலஹாப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் "ஸ்ஸ்ஸ்" என்று தினமும் மெய்ப்பிக்கிறார்கள்.

எருமைத் தயிரையும் இதே குற்றப் பத்திரிகையில் சேர்ப்போர் உண்டு. அநியாயம். அதுவும் புளித்ததுதான், பீஎச் 4 அளவுக்கு இறங்கியதுதான். ஆனால் கல்சியமும் பொஸ்பேற்றும் அதில் நிறைந்து கிடப்பதால் பல்லிலிருந்து பிடுங்க அதற்கு அவசியமில்லை. பசித்தவனும் பசியில்லாதவனும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் இருவரையும் திருடன் என்பதா?

கூச்சம் பரம்பரையாக வருமா என்பது அடுத்த வினா. தகப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனி வழங்கக் கூடாது என்று வேதாகமத்தில் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தடை விதிக்கிறது. தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டு, இந்த மலைகளிலேயே பிறந்த பிள்ளைகளை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் இலக்கமும் 18. எண்களின் பொருத்தத்தை ஆய்வாளர் பதிவு மட்டும் செய்கிறார்.

பரிகாரத்தில் கருத்து வேறுபாடு கடுமையானது. இடப்பக்கம் கூசினால் வலப்பக்கம் மெல்லுவோர் ஒரு பள்ளி. கடிக்காமல் உறிஞ்சுவோர் இன்னொரு பள்ளி. உறிஞ்சுவோர் அமிலத்தைப் பல்லில் அதிக நேரம் நிறுத்திவைப்பதால் அவர்கள் கட்சி தோற்றது. மிக ஆபத்தானவர்கள் துப்புரவுப் பள்ளியினர். அச்சாறு தின்ற கையோடு கரியும் உப்பும் எடுத்து அழுத்தித் தேய்ப்பார்கள். அமிலத்தில் இளகிய எனாமல் அந்நேரம் தேய்ப்புக்குத் தாங்காது. போன எனாமல் திரும்ப முளைப்பதுமில்லை. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது எச்சிலை அதன் வேலையைப் பார்க்க விடவேண்டும்.

இதைக் கடையடியில் விளக்கியபோது அச்சாறு விற்பவர் பொறுமையாகக் கேட்டார். "அரை மணி சும்மாதானே இருக்கணும் சேர்? அப்ப இன்னொரு பேக் தரவா?"

ஆய்வு தொடர்கிறது. வலப்பக்கக் கடைவாய் இன்னும் மிச்சம் இருக்கிறது.