கண்ணாடிப் பல்லி

"கதவு" என்றார் சகலை.

எடிசன் நகரத்து ஓக் ட்ரீ சாலையில் போய்க்கொண்டிருந்தோம். கார் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சோப்பு டப்பா அளவுக் கறுப்புப் பெட்டி திடீரென்று வீறிட்டதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அசையவில்லை. "மளிகைக் கடைக் கதவு. ஆள் வந்தா தானாத் திறக்குமே, அது." பத்து விநாடியில் மறுபடியும் வீறிட்டது. "மருந்துக் கடை." மூன்றாவது முறை நான் முந்திக்கொண்டு, "பேங்க் கதவா?" என்றேன். "இல்லீங்க, பக்கத்துல போற கார்" என்றார், தப்பாக விடை சொன்ன மாணவனைப் பார்க்கும் வாத்தியாரின் பரிவோடு.

போலீஸ்காரர் எங்கோ மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு, வருகிற கார்கள் மீது ரேடார் அலையை வீசுவார். மோதித் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்துக் கருவி வேகத்தைச் சொல்லிவிடும். அந்த அலையை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, "மெதுவாப் போ" என்று காதைக் கடிப்பதுதான் இந்தப் பெட்டியின் வேலை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் இதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. கோளாறு எங்கே என்றால், போலீஸுக்குக் கொடுத்த அலைவரிசைகளைக் கதவுக்கும் கொடுத்துவிட்டார்கள். 10.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது எக்ஸ் பேண்ட், 24 பக்கம் இருப்பது கே பேண்ட். கடைகளின் தானியங்கிக் கதவுகள் இந்த இரண்டிலும் இரவு பகலாக அலையைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு, பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்குக் காட்டும் வசதியுள்ள கார்களில் பல, பின்பம்பருக்குள் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்துக்கொண்டு திரிகின்றன. 33.4 முதல் 36 வரையிலான கேஏ பேண்டில் கத்தினால் மட்டும் கொஞ்சம் பயப்படலாம். அந்தப் பக்கம் கதவுகள் கிடையாது.

நம் பஞ்சாங்கத்தில் கௌளி சாஸ்திரம் என்று ஒரு பக்கம் இருக்குமே, பல்லி எந்தத் திசையில் சொன்னால் எந்தக் கிழமைக்கு என்ன பலன் என்று கட்டம் போட்டு? சகலை வைத்திருப்பது அதேதான். பல்லி மாதிரியே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று அம்புக்குறியும் காட்டுகிறது. விலை மட்டும் ஐந்நூறு டாலருக்கு மேல். எங்கள் வீட்டுப் பல்லி இலவசம். அது சொல்லுக்குப் பலன் கேட்டு நாங்கள் யாரும் எக்ஸெல் தாள் போட்டதில்லை. சகலை போட்டிருக்கிறார். இடம், பேண்ட், அதிர்வெண், உத்தேசக் காரணம், "உறுதியானதா" என்று ஐந்து பத்தி. ஒருமுறை உறுதி செய்வதற்காக மனைவியை மருந்துக் கடைக் கதவுக்குள் நாலைந்து தடவை போய்ப் போய் வரச் சொல்லிவிட்டு, இவர் காருக்குள் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார். கதவு திறந்தாலும் மூடினாலும் அலை வந்துகொண்டேதான் இருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. என் மைத்துனி அதை மறக்கவில்லை. "அத்தான், அன்னிக்கு அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

பெட்டிக்குள் ஜிபிஎஸ் உண்டு. ஒரே இடத்தில் ஒரே அதிர்வெண் திரும்பத் திரும்ப வந்தால், இது கதவுதான் என்று தானே புரிந்துகொண்டு, அடுத்த தடவை அங்கே வாயை மூடிக்கொள்ளும். அதற்குச் சில தடவை அந்த வழியாகப் போய் வர வேண்டும். ஆகவே புதிதாக ஒரு கடை திறந்தால் சகலை ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போய் அதை வலம் வருவார். கடைக்குள் போவதில்லை. கர்ப்பக்கிரகம் பக்கமே போகாமல் பிராகாரத்தை மட்டும் சுற்றிவிட்டு வருகிற பக்தர்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இவர் ஏதோ காற்றைக் கிழிக்கிற பேர்வழி என்று நினைத்திருந்தேன். நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் ஏறினோம். அறுபத்தைந்து மைல் என்று பலகை இருந்தது. முள் அறுபத்திரண்டில் நின்றது, அங்கேயே குடியிருந்தது. பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று எங்களை இளக்காரமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிற்று. பதினான்கு வருஷத்தில் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லையாம். "அப்ப இந்தப் பெட்டி எதுக்கு?" என்று கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜாக்கிரதையா இருக்கறது தப்பா, சகலை?"

பெட்டி வைத்திருக்கிற இந்தக் குலத்தின் முன்னோர்கள் இப்படியில்லை. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. 1974-இல் நாடு முழுக்க ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நேரத்துக்குச் சரக்கு சேர்க்க வேண்டிய லாரிக்காரர்கள் கொதித்தெழுந்து 'ஃபஸ்பஸ்டர்' போன்ற பெட்டிகளை வாங்கி மாட்டினார்கள். அவர்களுடைய பெட்டி கத்தினால் நிஜமாகவே கவலைப்பட ஒரு குற்றம் இருந்தது. ஐம்பத்தைந்து மைல் சட்டம் 1995-இல் ஒழிந்தது. லாரிகளில் பெட்டி வைக்கவே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. கலகக்காரர்களின் சொத்து கடைசியில் கைமாறி வந்து சேர்ந்த இடம் எங்கள் சகலை.

மேரிலாந்தில் லேன்ஹம் சிவா விஷ்ணு கோயிலில் தரிசனம். அங்கிருந்து வர்ஜீனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். இதுதான் பயணம். டெலவேரைத் தாண்டி ஐ-95-இல் போகும்போது பெட்டி புதுக் குரலில் அலறியது. கேஏ! அம்பு பின்பக்கம் காட்டியது. சகலையின் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் ஒரு பிக்கப் வண்டி. "மஃப்டி போலீஸ்" என்று கிசுகிசுத்து, அறுபத்திரண்டை ஐம்பத்தெட்டாக்கினார். பிக்கப்பும் ஐம்பத்தெட்டானது. ஐம்பத்தைந்தாக்கினார். அவனும் ஐம்பத்தைந்து. தாண்டிப் போகவும் மாட்டேன் என்கிறான், விளக்குப் போட்டு நிறுத்தவும் மாட்டேன் என்கிறான். ஐம்பதுக்கு வந்தபோது பின்னால் திருவிழாக் கூட்டம் மாதிரி வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஆளாளுக்கு ஹாரனை அழுத்தினார்கள். சகலை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கந்தசஷ்டிக் கவசத்தில் பாதியை முடித்திருந்தார். மேரிலாந்து ஹவுஸ் என்ற இளைப்பாறுமிடம் வந்ததும் உள்ளே திருப்பினார். பிக்கப்பும் திரும்பியது.

அதிலிருந்து இறங்கினது தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. நேரே எங்கள் காருக்கு வந்து, கண்ணாடியில் பல்லியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். நடந்தது இதுதான்: அவரிடமும் ஒரு பெட்டி. பழசு, மட்டமானது. அந்த மாதிரிப் பெட்டிகள் மோப்பம் பிடிப்பதோடு நிற்காமல் தாமும் கொஞ்சம் அலையைக் கசியவிடும். அந்தக் கசிவைத்தான் எங்கள் பெட்டி கேஏ என்று அலறியிருக்கிறது. எங்கள் காரின் பின்பம்பர் ரேடாரைப் பார்த்து அவருடையது கே என்று அலறியிருக்கிறது. முன்னால் போலீஸ் என்று அவரும் பின்னால் போலீஸ் என்று இவரும் ஒருவரையொருவர் பல மைல் தூரம் காவல் காத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் இருவரும் பிரிந்த உடன்பிறப்புகள் மாதிரி முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினார்கள். எந்த ஊர்க் கதவு எந்த அதிர்வெண்ணில் கத்தும் என்பதில் உலகத்தில் இவ்வளவு பேச இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானும் என் மனைவியும் மைத்துனியும் புளியோதரையைச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். சகலை தன் எக்ஸெல் தாளை அவருக்கு அனுப்பிவைத்தார். சொந்தத் தம்பி கேட்டபோது கொடுக்காத தாள் அது.

லேன்ஹம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பல்லியையும் கழற்றிவிட்டார். வர்ஜீனியாவில் சொந்தக் காரிலும் இது கூடாது. மின் இணைப்பு இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால்தான் தப்பலாம். துண்டில் சுற்றி, எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து, தூக்கை டிக்கியில் வைத்து, மேலே ஒரு பட்டுப் புடவைப் பையையும் வைத்தார். வாழ்நாளில் சட்டத்தை மீறாத மனிதர், மீறிவிடாமல் காப்பாற்றுவதற்காக வாங்கின பெட்டியைக் கடத்தல்காரர் மாதிரி ஒளித்துக்கொண்டு போடோமாக் ஆற்றுப் பாலத்தைக் கடந்தார். வேகம் ஐம்பத்திரண்டு. பல்லி சத்தமில்லாத அந்த முக்கால் மணி நேரமும் வழியில் தெரிந்த ஒவ்வொரு கடையையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்தக் கதவு என்ன சொல்லும்னே தெரியலையே" என்று இரண்டு தடவை புலம்பினார்.

மறுநாள் கிரகப்பிரவேசம். சாஸ்திரிகள் ஹோமத்தில் நெய்யை விட்டதும் புகை மேலே போய் முட்டியது. வீட்டிலுள்ள அத்தனை புகை எச்சரிக்கைக் கருவிகளும் ஒரே குரலில் ஊளையிட்டன. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். பெண்கள் ஜன்னலைத் திறந்தார்கள், ஒருவர் வாழையிலையால் விசிறினார், குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடின. சகலை மட்டும் சுவரில் சாய்ந்தபடி காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஹோமம்" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே.

"எந்த பேண்ட்?" என்று கேட்டேன்.

கேலி என்று அவருக்குத் தோன்றவில்லை. "இதுல பேண்டெல்லாம் கிடையாதுங்க" என்று கொஞ்சம் யோசித்தார். "ஆனா இதே இடத்துல இன்னும் ரெண்டு ஹோமம் பண்ணச் சொல்லுங்க. பழகிடும்."