பேராக் முழங்கால்களின் பணிவான மனு

பெறுநர்: மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தார், புத்ராஜெயா.
அனுப்புநர்: ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்து முழங்கால்கள் (இடமும் வலமும்).
பொருள்: சிக்கன வகுப்பில் மடங்கிக் கிடப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஆணையத்தாருக்கு,

2016 மார்ச் முதல் விமானப் பயணிகளின் குறைகளைக் கேட்டுவந்த மாவ்கோம், 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆணையத்தாரோடு இணைந்துவிட்டது. இரண்டு அமைப்புகளின் அதிகாரமும் கோப்பும் ஊழியரும் இப்போது ஒரே இருக்கையில். நெருக்கியடித்து உட்காருவது எப்படியிருக்கும் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஓர் அலுவலகத்துக்கு மனுப் போடும் வாய்ப்பு அடிக்கடி அமையாது என்பதால் இந்தக் கடிதம்.

மனுதாரர்களின் பூர்வீகத்தையும் பதிந்துவிடுவது நல்லது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதைப் பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்னமும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. அந்த மரத்துக்குக் கிடைத்த மரியாதை, அதன் வழிவந்த லட்சக்கணக்கான பால் மரங்களை வெட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாய்க் குனிந்தும் குந்தியும் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தலையிலும் தோளிலும் சுமந்து ஸ்டோருக்கு நடந்த கால்களின் மூட்டுகளே இம்மனுவின் மூத்த கையொப்பதாரர்கள். இளையவர்கள் ஈப்போவில் கணினி முன்னால் உட்கார்ந்து தேய்ந்தவர்கள். குறை இருவருக்கும் ஒன்றே.

இன்னொரு சங்கதி. விமானச் சக்கரத்துக்கு இன்றைக்கும் இயற்கை ரப்பர்தான் வேண்டும். ஓடுபாதையில் இறங்கும்போது உண்டாகும் சூட்டையும் அடியையும் தாங்குவதில் செயற்கை ரப்பர் அதற்கு ஈடாகவில்லை. விமானம் தரையில் நிற்பதே மனுதாரர்களின் தொழிலை நம்பித்தான். அந்த விமானத்துக்குள் கால் நீட்ட மட்டும் மனுதாரர்களுக்கு அனுமதியில்லை.

சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தின் ஓடுபாதை 2,000 மீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் போகலாம். திருச்சிக்கோ சென்னைக்கோ நேரடியாகப் பறக்க வழியில்லை. ஆகவே குலதெய்வம் கும்பிடப் போகிறவரும், பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவரும் பெரும்பாலும் மேரு ராயாவிலுள்ள அமான்ஜெயா முனையத்தில் பஸ் ஏறி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் எக்ஸ்பிரஸ் பஸ்கள் பலவற்றில் வரிசைக்கு மூன்றே இருக்கை: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. வண்டிக்கு முப்பது பேர், அதற்கும் குறைவு. பிடியை இழுத்தால் முதுகு சாய்கிறது. பின்னால் இருப்பவர் முணுமுணுப்பதில்லை, அவருக்கும் சாய இடம் இருக்கிறது. சில பத்து வெள்ளி டிக்கெட்டுக்கு இத்தனை உபசாரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ராஜா மாதிரி படுத்து வந்தவர், அதைப்போலப் பல மடங்கு பணம் கொடுத்து வாங்கிய அடுத்த இருக்கையில் நான்கு மணி நேரம் நட்டுவைத்த கம்பாகிறார். மாற்றம் திடீரென்று வருவதால் மூட்டுகளால் தாங்க முடியவில்லை. பஸ் இருக்கைகளை மோசமாக்கினால் பழகிப்போகும் என்று ஆணையத்தார் கருதக்கூடும். தரைப் போக்குவரத்து நல்லவேளையாக வேறு இலாகா.

விமானத்தில் நடப்பது இதுதான். மலிவுக் கட்டண விமானங்களில் இருக்கைக்கு இருக்கை ஏறக்குறைய 28 அங்குலம். இது கால் வைக்கும் இடத்தின் அளவென்று பலர் நினைக்கிறார்கள். அது முன்னிருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து பின்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம். இருக்கையின் முதுகுத் தடிமனும் அதற்குள்ளேயே அடக்கம். மிச்சத்தில்தான் ஆள். சுங்கை சிப்புட் பக்கத்துப் பாட்டி ஒருவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பை மடியில், முறுக்கு டின் காலடியில். முழங்கால் முன்னிருக்கையின் பத்திரிகைப் பையை முட்டுகிறது. பையில் பாதுகாப்பு அட்டை. அதில் ஒரு மனிதர் முன்னால் இடமிருக்க வசதியாகக் குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம். பாட்டி குனிந்தால் நெற்றி முன்னிருக்கையில்தான் இடிக்கும். விமானம் மேலேறி விளக்கு அணைந்ததும் முன்னாலிருந்த பையன் பொத்தானை அழுத்துகிறான். கைப்பிடிக்கு அடியிலுள்ள சிறு உருளை ‘ஸ்ஸ்’ என்று இறங்க, இரண்டு அங்குலம் பின்னால் வருகிறது. இரண்டே அங்குலம். காப்பிக் கோப்பை சரிகிறது.

“தம்பி, கொஞ்சம் நிமித்துப்பா. காலு மாட்டிக்கிச்சு.”

“எனக்கும் முன்னால சாஞ்சிட்டாங்க பாட்டி. நான் எங்க போறது?”

அவன் சொன்னதில் தவறில்லை. கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டியிருப்பவர் வரை அந்த இரண்டு அங்குலம் கைமாறிக்கொண்டே போகும். அங்கே நின்றுவிடும், அந்த இருக்கை பெரும்பாலும் சாயாது.

இந்தச் சண்டையை 2014இல் கிறிஸ்டோபர் புக்காஃபுஸ்கோ, கிறிஸ்டோபர் ஸ்பிரிக்மன் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். சாயாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் சராசரியாக 41 டாலர் கேட்டார்களாம். சாயாதே என்று கொடுக்க முன்வந்தது சராசரியாக 18 டாலர்தானாம். பணத்துக்குப் பதில் பானமோ தின்பண்டமோ தருவதாகச் சொன்னதும் பெரும்பாலோர் சம்மதித்துவிட்டார்கள். காலடியில் முறுக்கு டின் வைத்திருக்கும் பாட்டிக்கு இதெல்லாம் ஆராய்ச்சியே இல்லாமல் தெரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூவார்க்கிலிருந்து டென்வர் போன யுனைடெட் விமானத்தில் ஒருவர் முன்னிருக்கை சாயாதபடி ‘நீ டிஃபெண்டர்’ என்ற ஆப்பைச் செருக, முன்னாலிருந்த பெண் தண்ணீரை ஊற்ற, விமானமே சிகாகோவில் இறங்க வேண்டியதாயிற்று. இரண்டு பயணிகள் அடித்துக்கொண்டார்கள் என்று உலகம் பேசியது. இருவருக்கும் ஒரே காற்றை இரண்டு தடவை விற்றவர் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை.

விற்பனைக் கணக்கை மனுதாரர்கள் விரலிலேயே போட்டுப் பார்த்தார்கள். ஏ320 ரகத்தில் முப்பது வரிசை. வரிசைக்கு ஓர் அங்குலம் கிள்ளினால் முப்பது அங்குலம்; அதாவது இன்னொரு வரிசை, இன்னும் ஆறு டிக்கெட், ஒவ்வொரு பறப்பிலும். தோட்டத்துத் துரைமார்கூட மரத்துக்கு மரம் அளந்து இடைவெளி விட்டுத்தான் கன்று நடச் சொன்னார்கள். நெருக்கி நட்டால் மரம் மெலியும், பால் குறையும். மனிதரை நெருக்கி நட்டால் வரவு கூடும் என்பது பிற்காலத்துத் துரைமாரின் கண்டுபிடிப்பு.

சாய்வையே எடுத்துவிடுவது அதற்கடுத்த படி. உருளை, கம்பி, பொத்தான் எதுவும் இல்லாவிட்டால் இருக்கை இலேசு, எரிபொருள் மிச்சம், பழுது பார்க்கும் செலவும் இல்லை. இதில் நியாயமும் கொஞ்சம் உண்டு: பாட்டியின் காப்பி தப்பிக்கும். ஆனால் சொல்லும் விதத்தில்தான் சாமர்த்தியம். 2010இல் அமெரிக்காவின் ஸ்பிரிட் நிறுவனம் 28 அங்குல இடைவெளியில் அசையாத இருக்கைகளைப் பொருத்தியபோது அவற்றை ‘முன்கூட்டியே சாய்க்கப்பட்டவை’ என்று அறிவித்தது. மனுதாரர்கள் இந்தச் சொல்வளத்தை மெச்சுகிறார்கள். பரிமாறாத சாப்பாட்டை ‘முன்கூட்டியே உண்ணப்பட்டது’ என்றும், வராத பெட்டியை ‘முன்கூட்டியே தொலைக்கப்பட்டது’ என்றும் அறிவிக்க ஆணையத்தார் அனுமதிக்கலாம்.

இனி மனுவின் மையத்துக்கு வரலாம். மனுதாரர்களின் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு விமானத்தில் வரவில்லை. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பாயை விரித்தால் வீடு, இரும்புப் பெட்டியை வைத்தால் எல்லைச் சுவர். அதை யாரும் சொகுசென்று சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் அதற்கும் ஓர் அளவு வைத்திருந்தான். 19ஆம் நூற்றாண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டங்களின்படி நெடுங்கடல் தாண்டிய கூலிக் கப்பல்களில் வயது வந்த ஆளுக்கு 12 சதுர அடித் தளமும் 72 கன அடி வெளியும் கொடுக்க வேண்டும். வங்கக் கடலைத் தாண்டிய குறும்பயணங்களில் கை இதைவிடச் சுருக்கம். 1931இல் சிம்லாவில் மாநாடு கூடி, படுக்கை இல்லாத டெக் பயணிகளுக்கென்றே விதிகள் வகுத்தார்கள். அவை பழசாகிவிட்டன என்று 1971இல் லண்டனில் ஓர் உடன்படிக்கை; அது போதாதென்று 1973இல் இடவசதிக்கு மட்டும் தனியாக ஒரு பன்னாட்டு நெறிமுறை. உலகத்து அரசுகள் மேசை போட்டு உட்கார்ந்து, பாய் விரிக்கும் தமிழனுக்கு எத்தனை அடி என்று வாதாடியிருக்கின்றன.

கருணையால் வந்த சட்டமென்று மனுதாரர்கள் ஏமாறவில்லை. செத்த கூலி மரம் வெட்ட மாட்டான். டிக்கெட் காசு நட்டம். விதி இருந்த கப்பல்களிலும் நெருக்கடியும் நோயும் சாவும் இருந்தன. அந்தப் பயணம் வாரக் கணக்கு, மாதக் கணக்கு. இது நான்கு மணி நேரம் என்பதும் தெரியும். என்றாலும் கணக்கு கணக்குதான். 28 அங்குல நீளம், 17 அங்குல அகலம்: பெருக்கினால் மூன்றே கால் சதுர அடிக்குச் சற்று மேல். கொள்ளுத் தாத்தாவுக்குச் சர்க்கார் எழுதிக்கொடுத்தது எழுதப்பட்டாவது இருந்தது. கொள்ளுப் பேத்தியின் மூன்றே காலுக்கு எழுத்தே இல்லை.

ஆணையத்தார் வசமுள்ள 2016ஆம் ஆண்டுப் பயணிகள் பாதுகாப்புக் கோவை நல்ல கோவை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரமானால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று 2024 செப்டம்பரில் சேர்த்தார்கள். அதாவது, விமானம் பறக்காதவரை பயணிக்கு உரிமைகள் உண்டு. பறக்கத் தொடங்கியதும் இருக்கை இடைவெளி நிறுவனத்தின் மனச்சாட்சிக்கு விடப்படுகிறது.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்? 1985இல் மான்செஸ்டர் ஓடுபாதையில் விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்த பிறகு, பிரிட்டன் 1989இல் ஓர் அளவு வைத்தது: முதுகுச் சாய்விலிருந்து முன்னிருக்கை வரை குறைந்தது 26 அங்குலம். அளக்கும் முறை வேறு, ஆனால் எண் என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 2018இல் சட்டமே வந்தது: ஓராண்டுக்குள் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்க வேண்டும். 2022இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 26,000க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அளவு வரவில்லை. இடையில் ஓக்லஹோமா நகரில் 720 பேரை உட்காரவைத்து அவசரமாக வெளியேறிக் காட்டச் சொன்னார்கள். 28 அங்குலம் தடையில்லை என்று தேறியது. ஓடியவர்கள் எல்லாரும் 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, உடல் ஊனமில்லாதவர்கள். திருச்சி விமானத்தின் நடைபாதையில் ஒரு தடவை கண்ணை ஓட்டினால், அந்தச் சோதனையில் சேர்க்க முடியாதவர்களே பாதி விமானத்தில் இருப்பதாகத் தோன்றும்.

காசு கொடுத்தால் கால் நீட்டலாம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதிக இடமுள்ள வரிசை பெரும்பாலும் அவசர வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே உட்காருபவர் கதவைத் தள்ளித் திறக்கும் தெம்புள்ளவராக இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி, விதி சரியானது. விளைவு, மூட்டு நன்றாக இருப்பவருக்கு இடம் கிடைக்கிறது, மூட்டு போனவருக்கு அங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கிய கூட்டம் இது. ஆறு அங்குலம் வாங்க அதற்கு வழி தெரியவில்லை.

எனவே மனுதாரர்கள் கேட்டுக்கொள்வது: குறைந்தபட்ச இடைவெளி இவ்வளவு என்று கோவையில் ஓர் எண் எழுதப்பட வேண்டும். அதுவரை, பெட்டியின் எடை அளவை டிக்கெட்டில் அச்சிடுவதுபோல முழங்காலுக்கான அளவையும், இருக்கை சாயுமா சாயாதா என்பதையும் பணம் கட்டுமுன்னே அச்சிட வேண்டும். சோதனை நடத்துவதென்றால் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை அனுப்பிவைக்கப் பேராக் தயார். அவர்களுக்குப் பெரட்டுக்கு நேரத்தில் வரும் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
மடங்கியிருக்கும் முழங்கால்கள்.

இணைப்பு: தையற்கடை அளவு நாடா ஒன்று, 60 அங்குலம். ஆணையத்தாரின் அலுவல் நாற்காலியிலிருந்து மேசை வரை ஒரு தடவை அளந்து, அந்த எண்ணைப் பதில் கடிதத்தில் குறிப்பிட்டால் போதுமானது.