ஆன்மா வேண்டாம், யானை போதும்

வன்னியிலுள்ள ஒட்டுசுட்டான் சிவனை யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. குரக்கன் அறுத்த தாளுக்குக் கமக்காரன் ஒருவன் தீ மூட்டினானாம். ஓரிடம் மட்டும் எரியவில்லை. மண்வெட்டியைப் போட்டான், இரத்தம் பீறிட்டது, பார்த்தால் லிங்கம். தலக்கதை இவ்வளவுதான். வெட்டு வாங்கிப் பதவியேற்ற தான்தோன்றீஸ்வரருக்குப் பிரசாரச் செலவு ஒரு சதமும் இல்லை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1619இல் போர்த்துக்கேயப் பறங்கியர் பிடித்தார்கள், ஊர் கத்தோலிக்கமானது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதே கத்தோலிக்கக் கோயில்களில் சுரூபங்களை இறக்கிவிட்டுப் புரட்டஸ்தாந்தம் படிப்பித்தார்கள். நாற்பது வருடத்துக்குள் ஒரே சனத்துக்கு இரண்டு தரம் இரட்சிப்பு! யாழ்ப்பாணத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் மட்டும், பறங்கி அதிகாரியின் சாப்பாட்டுக்கு மாடு கொடுக்கும் முறை தன் வீட்டுக்கு வந்ததும் இரவோடிரவாகச் சிதம்பரத்துக்குக் கம்பி நீட்டினாராம். மற்றவர்கள் அவ்வளவு தூரம் ஓடவில்லை. ஒல்லாந்தரிடம் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம். பிள்ளைக்கு முதுசம் சேரவேண்டுமென்றால் பள்ளித்தோம்பில் கலியாணப் பதிவு. காணி உறுதிக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் குளத்திலேயே குதிப்பார்கள். பகலில் தோம்பில் பெயர், இரவில் கொல்லையில் வைரவர்.

வன்னியில் இந்தத் தொந்தரவு குறைவு. வன்னியை ஆண்ட வன்னியர்களிடம் ஒல்லாந்தர் திறையாகக் கேட்டது யானை. ஆன்மாவை ஏலத்தில் விற்க முடியாதல்லவா? ஆனாலும் வன்னிக்கு அவர்கள் ஓர் உபகாரம் செய்தார்கள். மாந்தையில் கத்தோலிக்கரை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் 1670 அளவில் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். மடுத் திருத்தலம் உண்டானது. வன்னிக் காட்டுக்கு மாதாவை அனுப்பிவைத்த பெருமை, அவரை வணங்க மறுத்த கிறிஸ்தவர்களையே சேரும்.

அம்மன்களுக்கு வந்த ஆபத்தோ வெளிநாட்டுச் சரக்கல்ல. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், பாதிரிமாரிடம் கண்ட பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வாராந்தப் பிரசங்கம் எல்லாவற்றையும் சைவத்துக்குத் திருப்பினார். 1847இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கியது. பாதிரிமாரை மடக்கிய கையோடு அவர் பார்வை அம்மனாக வணங்கப்பட்ட கண்ணகி மேல் விழுந்தது. சமணக் காப்பியத்துச் செட்டிச்சிக்குச் சைவர் வீட்டுப் பொங்கலா? போர்த்துக்கேயன் இடித்ததைத் திரும்பக் கட்டலாம், பண்டிதர் திருத்தினால் அப்பீல் இல்லை. யாழ்ப்பாணத்துக் கண்ணகிகள் பலர் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாற்றிக்கொண்டு ஆகமத்துக்குள் அடங்கினார்கள்.

ஒட்டுசுட்டானுக்குக் கடற்பக்கமாக இருக்கும் வற்றாப்பளைக் கண்ணகிக்கு அந்தப் பெயர்மாற்றக் கடிதம் கிடைக்கவில்லை போலும். பெயரை மாற்றவில்லை. கடல் நீரில் விளக்கெரிக்கும் பழக்கத்தையும் விடவில்லை. சிங்களவர் அவளைப் பத்தினி தெய்வம் என்று கும்பிட்டாலும் ஆட்சேபம் சொல்லவில்லை. நாவலர் 1879இல் காலமானார். வைகாசியில் செட்டிச்சியின் பொங்கலுக்கு இன்றைக்கும் விசேட பஸ் ஓடுகிறது. அதில் சீட் பிடிப்பதற்கு நல்ல சைவர்களே முண்டியடிக்கிறார்கள்.