ஒரே ஒருமுறை போய்வந்தவர்

நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அமெரிக்கா கிளம்பினால் அதில் ஒருவர் ஏற்கெனவே போய்வந்தவராக இருப்பார். பலமுறை போனவரால் யாருக்கும் தொந்தரவில்லை. ஏறி உட்கார்ந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். போகவே போகாதவர் பயத்தில் வாயைத் திறக்க மாட்டார். ஒரே ஒருமுறை, அதுவும் மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் போய்வந்தவர் இருக்கிறாரே, அவரிடம்தான் சிக்கிக்கொள்வோம். அவர்தான் அனுபவஸ்தர்.

எங்கள் அனுபவஸ்தர், டிக்கெட் போட்ட அன்றே வாட்ஸாப் குழு தொடங்கித் தன்னையே அட்மினாக நியமித்துக்கொண்டார். தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஒரு குரல் பதிவு வரும். "பெட்டி ஒண்ணுக்கு 23 கிலோதான்டா. கால் கிலோ ஏறினாலும் கவுண்டர்லயே தொறந்து கொட்டச் சொல்லிடுவான், மானம் போயிடும்." சொன்னதோடு விடவில்லை. கொக்கி வைத்த சின்னத் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். கூடத்து நடுவில் நின்று, மூச்சைப் பிடித்து, பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி, முகம் சிவக்க எண்ணைப் படிப்பார். குடும்பமே சுற்றி நின்று தீர்ப்புக்குக் காத்திருக்கும்.

பிறகு பறிமுதல். மாமியார் ஆசையாகக் கொடுத்த கொப்பரைத் தேங்காய் முதலில் வெளியே வந்தது. "இது முழுக்க எண்ணெய்ச் சத்து. தீப்பிடிக்கிற சாமான் லிஸ்ட்ல இருக்கு." அடுத்து, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. "ஆரஞ்சு, எலுமிச்சை மரத்தை நாசம் பண்ற நோயை ஒரு பூச்சி பரப்புது. அது கறிவேப்பிலையிலயும் குடியிருக்கும்னு அமெரிக்காக்காரன் உள்ள விடமாட்டான்." வீட்டம்மா முறைத்தார். கொப்பரைக்கு எங்கேயாவது தீப்பிடிக்குமா என்று அவர் போன பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தோம். இரண்டும் உண்மை.

இதுதான் அவரிடம் இருக்கும் பெரிய குறை. சொல்வதெல்லாம் தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கிறது. அதனால்தான் எப்போதாவது அவர் சறுக்கும்போது எங்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

சீட் விஷயத்தில் சறுக்கினார். மூன்று பேர் உட்காரும் வரிசையில் ஜன்னலோரம் ஒருத்தன், நடைவழியோரம் ஒருத்தன் என்று எங்களைப் பிரித்துப் போட்டிருந்தார். "நடு சீட்டை எவனும் எடுக்கமாட்டான்டா. காலை நீட்டிப் படுத்துக்கலாம்." சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை நாலு மணி நேரம் திட்டம் பலித்தது. அங்கே சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, ஜுவல் கட்டடத்துக்குள் விழும் 40 மீட்டர் அருவியை வெளியே போகாமலே ஸ்கைட்ரெயின் ஜன்னல் வழியாகக் காட்டிய பெருமையோடு எங்களை அடுத்த விமானத்தில் ஏற்றினார். அங்கே எல்லா நடு சீட்டிலும் ஆள். எனக்கும் என் நண்பனுக்கும் நடுவில் நல்ல ஆகிருதியான ஒரு வெள்ளைக்காரர். "நீங்கள் இருவரும் சேர்ந்து உட்காருங்களேன்" என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னார். பின் வரிசையிலிருந்து அனுபவஸ்தர் எட்டிப் பார்த்து, "மாத்தாதீங்கடா, சாப்பாடு சீட் நம்பர் பார்த்துத்தான் வரும்" என்று தடுத்துவிட்டார். அப்புறம் பதினைந்து மணி நேரமும் எங்கள் முறுக்கு டப்பா அந்த மனிதரின் வயிற்றைத் தாண்டித்தான் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்தது. மூன்றாவது முறை கடக்கும்போது அவரே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் வகுப்பு ஆரம்பம். "வெளிய முப்பத்தஞ்சாயிரம் அடி. உள்ள காத்தை அடைச்சு, ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்துல இருக்கிற மாதிரி வெச்சிருக்கான். அதாவது நாம இப்ப ஊட்டியில உட்கார்ந்திருக்கோம்." ஊட்டி என்றால் கொஞ்சம் தைல வாசனையாவது வர வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆதாரத்துக்கு ஒரு சிப்ஸ் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். கடையில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்தது, குழந்தைத் தலையணை மாதிரி உப்பியிருந்தது. "வயித்துக்குள்ளயும் இதேதான் நடக்குது. பட்டாணி, சோடா ரெண்டையும் தொடாதீங்க." சொல்லி வாய் மூடவில்லை, பட்டாணிப் புலாவ் வந்துவிட்டது.

அதுவும் எல்லோருக்கும் முன்னால் வந்தது. காரணம் அவர்தான். தனி உணவு கேட்டவர்களுக்குத்தான் முதலில் பரிமாறுவார்கள் என்று எல்லோருக்கும் இந்திய சைவச் சாப்பாடு பதிவு செய்திருந்தார். அசைவம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தறியாத கூட்டம் அது. நாங்கள் தட்டை வழித்து முடித்த நேரத்தில் மற்றவர்களுக்குக் கோழி வந்தது. நடு சீட்டுக்காரர் மூடியைத் திறந்தார். வாசனைக்கு முன்பதிவு தேவையில்லை. "விடுங்கடா, காத்து இவ்வளவு வறண்டு கிடக்கும்போது நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியாத் தெரியாது. கோழியும் சப்புன்னுதான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னவர், தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒருவருக்கும் நீட்டவில்லை.

கடிகாரத்தை ஏறும்போதே சான் பிரான்சிஸ்கோ நேரத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சாயங்காலம் என்று நம்ப வேண்டும். "இப்போ படம் பார்க்கக் கூடாது. தூங்கணும்" என்று உத்தரவு போட்டுவிட்டு முதல் ஆளாகக் குறட்டை விட்டார். நாங்கள் அசந்து தூங்கிய பிறகு எழுந்து தோளைத் தட்டினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நடக்கலைன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும்." போர்வையும் கையுமாக வரிசையில் நடந்தோம். வால்பக்கத்துச் சமையலறைத் திரையை அவர் உரிமையோடு விலக்க, உள்ளே நின்றே சாப்பிட்டுக்கொண்டிருந்த பணிப்பெண் கரண்டியைக் கீழே வைத்தார். கேட்டால் கப் நூடுல்ஸ் தருவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ராகு காலத்தில்தான் அவரை மடக்கப் பார்த்தோம். சிங்கப்பூரில் கிளம்பியது சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டிப் போய் இறங்கினால் அங்கேயும் அதே சனிக்கிழமை, அதே ஒன்பதரை. "ஏன்டா, ராகு காலத்துல கெளப்பி ராகு காலத்துலயே இறக்கறியே?" அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மைனஸும் மைனஸும் ப்ளஸ்டா."

இறங்குவதற்கு முன் கடைசி உத்தரவு: தட்டோடு வந்த ஆப்பிளைத் தின்று தீர்க்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் வெளியே போனால் அபராதம். பிறகு ஒரு குட்டிப் பாட்டில் தேங்காய் எண்ணெய் வரிசை வரிசையாகச் சுற்றிவந்தது. வறண்ட காற்றில் கை வெடிக்குமாம். நாங்கள் பேருக்குத் தொட்டுக்கொண்டோம். அவர் முழங்கை வரை தேய்த்துக்கொண்டார்.

இமிகிரேஷனில் எங்கள் எல்லோருக்குமாகப் பதில் சொல்ல அவர் முன்னே போனார். அதிகாரி கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எத்தனை நாள், எங்கே தங்கல் என்று இரண்டு கேள்வி, முத்திரை. அவர் முறை வந்தது. நாலு விரலையும் கண்ணாடியில் வைத்தார். பதியவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் பதியவில்லை. பேன்ட்டில் தேய்த்துவிட்டு வைத்தார். கடைசியில் இன்னொரு அதிகாரி வந்து அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்.

பெட்டிகள் வரும் இடத்தில் அவரில்லாமல் நின்றோம். தள்ளுவண்டிக்குக் காசு உண்டா என்று தெரியவில்லை. எந்த வாசல், யார் வருவார்கள், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், எல்லாம் அவர் பையில். சட்டை மாட்டிய பீகிள் நாய் ஒன்று வந்து எங்கள் பைகளை ஒவ்வொன்றாக மோந்துவிட்டு, மதிக்காமல் போய்விட்டது. அந்த வெற்றியைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். முகத்தில் வாட்டமே இல்லை.

"ஒண்ணுமில்லடா. ரெகுலரா வர்றவங்களைத்தான் இப்படித் தனியாக் கூப்பிட்டு உட்காரவெச்சுப் பேசுவாங்க."